நாற்காலியில் இருந்த தலை

என் மாமனாரை இரண்டு முறை எரித்தோம். முதல் முறை குன்னத்தில், ஊரே கூடி நின்று. இரண்டாவது முறை பெரம்பலூரில், எங்கள் வீட்டுக் கொல்லைப்புற அடுப்பில், நான் ஒருவனாக. இரண்டாவதற்கு யாரும் மாலை கொண்டுவரவில்லை.

இப்படியே விட்டால் போலீஸ் வந்துவிடும். விளக்கிவிடுகிறேன்.

அவர் போனதும் அவருடைய தேக்கு நாற்காலி எங்களிடம் வந்தது. உயரமான முதுகுப் பலகை, இரண்டு பக்கமும் கை. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மிஞ்சிய பெயிண்டை அதன் கையிலும் காலிலும் பூசித் தீர்ப்பது அவர் வழக்கம். ஒரு வருஷம் நீலம், ஒரு வருஷம் சிவப்பு. முதுகுப் பலகையில் மட்டும் பெயிண்ட் கிடையாது. அவர் தலை சாய்ந்த இடத்தில், ஒரு தோசை அளவுக்கு, கன்னங்கரேல் என்று எண்ணெய்க் கறை. சனிக்கிழமைதோறும் விளக்கெண்ணெயைத் தலையில் ஊறவிட்டு, பருத்திக் காட்டைப் பார்த்தபடி அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய வேட்டி சட்டையை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். போட்டோ என்று இருப்பது ஆதார் அட்டை முறைப்பு ஒன்றுதான். ஆக, என் மனைவிக்கு அப்பா என்று மிச்சமிருந்தது அந்தக் கறை. அன்று எனக்கு இது தெரியாது. நாற்காலியைத் துடைக்கும்போது மட்டும் அவளுக்கு நேரம் அதிகமாகும். அழுக்கு அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். இருபத்து நான்கு வருஷம் குடும்பம் நடத்திய லட்சணம் இது.

தங்கைக்கு ஆபரேஷன் என்று அவள் பத்து நாள் அரியலூர் போனாள். திரும்பி வரும்போது நாற்காலியைப் புதிதாக்கி அசத்திவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் லப்பைக்குடிக்காட்டுக்காரர்.

"என்ன சார், வூட்ல ஆளில்லையா?"

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க பாய்?"

"வூட்ல ஆளிருந்தா எந்த ஆம்பள சார் பெயிண்ட் ரிமூவர் வாங்குறான்?"

ரிமூவரைத் தடவியதும் பெயிண்ட் பாலாடை மாதிரி சுருங்கிப் பொங்கியது. சுரண்டச் சுரண்ட ஒவ்வொரு பொங்கலாக உரிந்து வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் தேக்கு பொன்னாக மின்னியது. இரண்டு நாளைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை. கறையையும் தேய்த்துவிட்டு, மொத்தத்துக்கும் வார்னிஷ் அடித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் பார்த்தால் மாமனார் திரும்பி வந்திருந்தார். எல்லா இடமும் காய்ந்திருக்க, அந்தத் தோசை மட்டும் பிசுபிசு என்று கறுத்து நின்றது. தின்னர் போட்டுத் துடைத்து மறுபடி அடித்தேன். மறுநாள் மறுபடி வந்தார். உயிரோடு இருந்தபோதும் சொல்லாமல்தான் வருவார்.

அப்போது பார்த்து அரியலூரிலிருந்து அவள் போன்.

"நாளன்னிக்குக் காலைல வந்துர்றேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"வாக்கிங் போறேன்."

"நீங்களா? உடம்பு சரியில்லையாங்க?"

எனக்கு வியர்த்துவிட்டது. எண்ணெய் போக என்ன செய்வார்கள்? சீயக்காய் போடுவார்கள். இந்த அறிவு உதித்ததும் நாற்காலியை மாடிக்குத் தூக்கிப்போய், சீயக்காயைக் குழைத்துப் பூசி, வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். மாமனாருக்கு நான் செய்த ஒரே பணிவிடை. அதற்கும் அவர் மசியவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரியிடம் இழைப்புளி இரவல் வாங்கி வந்து, பலகையைச் சீவினேன். கறுப்பு, சுருள் சுருளாக விழுந்தது. மரம் வெளுக்கும்வரை நிறுத்தவில்லை. வார்னிஷ் அடித்தேன். இந்த முறை அவர் வரவில்லை. ஜெயித்துவிட்டேன்.

அவள் வரும் காலையில், பஸ் அலுப்புக்கு இதமாக இருக்கட்டும் என்று கொல்லை அடுப்பில் வெந்நீர் வைத்தேன். பற்றவைக்க அந்தச் சுருள்களைப் போட்டேன். எண்ணெய் ஊறியது இல்லையா, ஜோராகப் பிடித்தது.

அவள் குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு கூடத்துக்கு வந்தாள்.

"அட! நீங்களா பண்ணீங்க?" நாற்காலியின் கையைத் தடவினாள். முகம் மலர்ந்தது. அப்புறம் குனிந்து, முதுகுப் பலகையில் மூக்கை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். துடைக்கும்போது நேரமானது எதற்கு என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது.

"ஏங்க, அப்பா தல எங்க?"

பயம் வந்தால் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொள்ளும். "சீயக்கா போட்டுக் குளிப்பாட்டிட்டேன். பளிச்சுனு இருக்காரா?"

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"சீவுனத எங்க போட்டீங்க?"

நான் கொல்லைப் பக்கம் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு துண்டுக்குள் கையை விட்டு ஈரத் தலையைத் தொட்டாள்.

"இந்தத் தண்ணிக்கா?"

அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசவும் செய்கிறாள். நான் ஜோக் அடித்தால் மட்டும், பஸ் வருகிறதா என்று பார்ப்பவள் மாதிரி வேறு பக்கம் பார்க்கிறாள்.

மறுபடி கடைக்குப் போனேன். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கறை போறதுக்கு எங்கிட்ட எல்லாம் இருக்கு சார். கறை வர்றதுக்கு ஒண்ணும் இல்லியே."

ரிமூவர் வாங்கிவந்து, முதுகுப் பலகையின் வார்னிஷை மட்டும் உரித்தேன். சனிக்கிழமை வந்தது. விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் வழுக்கைக்கு எண்ணெயைக் குடிக்கத் தெரியாது, எல்லாம் பலகைக்குத்தான். நாலு சனிக்கிழமையில் அப்பளம் அளவுக்கு ஒரு கறை வந்தது. ஆனால் அவர் கறை இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே. அவர் பனைமரம், நான் ஈச்சங்கன்று.

அடுத்த சனிக்கிழமை இரண்டு தலையணை போட்டு ஏறி உட்கார்ந்தேன். தலை சரியான இடத்துக்கு வந்தது. காதோரம் எண்ணெய் வழிந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சிரிப்பாளோ என்று இருந்தது.

"அப்பாவுக்குக் கால் தரையில இருக்கும்ங்க" என்றாள்.

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இறங்குவதா, இருப்பதா என்று தெரியவில்லை. கால் தொங்க, அப்படியே உட்கார்ந்திருந்தேன்.