காட்டுப்பூனைக்கு வீடு பார்த்தவள்

வனத்துறை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவளுக்கு 'முயலக்கா' என்று பெயர் வந்த கதை இது. ஆரம்பத்தில் அவளுக்கு முயலைப் பற்றித் துளி அக்கறை கிடையாது. அதுதான் வினையே.

அந்தப் பக்கத்துக் காடுகளில் காட்டுப்பூனை அற்றுப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கூண்டில் வளர்த்த சிலவற்றைத் திரும்பக் காட்டில் விட இடம் பார்க்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. செயற்கைக்கோள் படத்தில் அடர்ந்த பச்சையாக இருந்த மலைச்சரிவை மார்தட்டிக்கொண்டு காட்டினாள். பக்கத்தில் கல்லும் புதருமாகக் கிடந்த மேட்டுக்குச் சிவப்பு அடித்து 'லாயக்கில்லை' என்று எழுதியதும் அவளேதான்.

விட்ட பெண்பூனை அந்த மலையில் தங்கவில்லை. அதன் கழுத்தில் கட்டியிருந்த ரேடியோ பட்டையின் சிக்னல் புதர்மேட்டை நோக்கியே போனது. வழியில், சாலையோரத்தில், எலும்பும் தோலுமாகப் பிடித்து வந்தார்கள்.

"இன்னும் ஒரே ஒரு தடவைதான். அதுவும் சொதப்பினா, எல்லாத்துக்கும் ஆயுசு பூரா கூண்டுதான்," என்றார் அதிகாரி.

சிக்னல் போன தடத்தை வரைபடத்தில் மறுபடி பார்த்தாள். மரத்தைப் பார்த்தாளே தவிர, பூனை எதைத் தின்னும் என்று பார்க்கவில்லையே! புதர்மேட்டுக்கு நேரில் போனாள். காலை வைத்த இடமெல்லாம் முயல் புழுக்கை. ஒரு டப்பா நிறைய அள்ளி வந்து சமையல்மேடையில் வைத்தாள். பஸ் கண்டக்டரான அவள் கணவர் மறுநாள் அதையே சாப்பாடு என்று தூக்கிக்கொண்டு போய், மதியம் போன் போட்டார்.

"ஏம்மா, என் மேல அப்படி என்ன கோபம்?"

டப்பாவை மீட்டு வந்து அதிகாரியின் மேசையில் வைத்தாள். "சார், தப்பு என்னோடது. பூனை சரியாத்தான் போச்சு. நான் சிவப்பு அடிச்ச இடத்துலயே விடுங்க."

"அந்தக் கட்டாந்தரையிலயா?"

"சாப்பாடு அங்கதானே சார் இருக்கு!"

ஒற்றைக்காலில் நின்று சம்மதிக்க வைத்தாள். அன்றிலிருந்து அலுவலகத்தில் அவள் 'முயலக்கா' ஆனாள். அதே பூனையைத் தேற்றி, ஓர் ஆண்பூனையோடு அங்கே விட்டார்கள். இம்முறை இரண்டும் மேட்டை விட்டு நகரவே இல்லை.

சில மாதம் கழித்து, அங்கே கட்டியிருந்த கேமராவில் ஒரு படம் விழுந்தது. பாறை இடுக்கில் பெண்பூனை, அதன் மடியில் இரண்டு குட்டிகள். அவள் அலுவலகமே அதிரக் கத்திவிட்டு, அழுதுகொண்டே கணவரைக் கூப்பிட்டாள்.

ஓடும் பஸ்ஸில் அவர் நீளமாக விசில் ஊதினார். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

"என் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா! ரெண்டு பொறந்திருக்கு!"

பஸ்ஸே கைதட்டியது. "பையனா, பொண்ணா?" என்றார் முன்சீட்டுக்காரர்.

"கிட்டப் போய்ப் பார்க்க முடியாதுங்க. அம்மாக்காரி கடிச்சிடுவா!"