செண்பகத்துக்குத் தெரு கொடுத்த நற்சான்று

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேலகரத்தில் எங்கள் தெருவே கூடி ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டது. மாப்பிள்ளை ஒருவர்தான் குறை. மற்ற ஏற்பாடெல்லாம் முடிந்துவிட்டது!

பெண் வேறு யாருமில்லை... என் அண்ணன் மகள் செண்பகம்.

இவளைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. எழுதினால் சண்டைக்கு வருவாள். வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பி.ஏ. முடித்துவிட்டு, பட்டணத்தில் மேற்கொண்டு இரண்டு வருஷம் சமூக சேவைக்கென்றே ஒரு படிப்புப் படித்தவள். அப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருப்பதே அவள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

"அடுத்தவனுக்கு ஒத்தாசை பண்ணப் பரீட்சை எழுதணுமாட்டி? பெயிலாப் போனா ஒத்தாசை பண்ண விடமாட்டானா?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதானே? செண்பகம் பாஸ் செய்துவிட்டு வந்தாள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? சைக்கிளை எடுத்துக்கொண்டு இலத்தூர் வரை போனாள். சாயங்காலமானால் பெண்களை உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைக்கார அண்ணாச்சியிடம் போய், "ஈ மொய்க்குது, வெல்லப் பானையை மூடி வைங்க" என்று தினமும் தகராறு. ஒரு வருஷம் முழுக்கச் சம்பளமில்லாத உத்தியோகம்.

அண்ணன் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் கெடு வைத்தார்.

"ஆவணிக்குள்ள சர்க்கார் வேலை வந்துதுன்னா போ. வரலைன்னா வாசுதேவநல்லூர் ரைஸ்மில்காரர் மகன்தான். அதுக்கு மேல பேச்சே கிடையாது."

ரைஸ்மில் மகன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று — பெண் வீட்டோடு இருக்க வேண்டும். செண்பகத்தை வீட்டோடு வைப்பதா! குற்றால அருவியைக் குடத்துக்குள் வைப்பது அதைவிடச் சுலபம்.

அவள் மனுப் போட்டிருந்தது வளர்ச்சி பிளாக்கில் பெண்கள் பகுதிக்கான அமைப்பாளர் வேலைக்கு. கிராமம் கிராமமாகப் போக வேண்டும். கூட்டம் கூட்ட வேண்டும். பேசாதவர்களையும் பேச வைக்க வேண்டும். இவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை! இன்டர்வியூவும் நன்றாக முடிந்துவிட்டது. மீதி ஒன்றுதான்... பூர்வோத்தர விசாரணை. ஆள் எப்படி, நடத்தை எப்படி, பொதுக் காரியங்களில் பழக்கம் உண்டா என்று போலீஸ்காரர் அக்கம்பக்கத்தில் விசாரித்து ரிப்போர்ட் அனுப்புவார். அதன் பிறகுதான் ஆர்டர்.

இங்கேதான் என் அண்ணன் ஒரு காரியம் செய்தார். வீட்டைத் தேடிப் போலீஸ் வரப்போகிறது என்று வெளியே தெரிந்தால் கேவலம் என்று, தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சிவப்புத் தொப்பி எப்போது தெருமுனையில் தெரியும், அதை எப்படி அவசரமாக வீட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாம் என்று ஜன்னலோரமே காவல் இருந்தார்.

ஆனால் வந்தவர் தொப்பி போட்டுக்கொண்டு வரவில்லை.

வந்தவர் திருநெல்வேலியிலிருந்து ஓர் ஏட்டையா. தங்கமான மனுஷர். ஒரு பெண்பிள்ளையைப் பற்றி விசாரிக்கக் காக்கியில் போனால் ஊர் தப்பாகப் பேசும் என்று மாற்று உடையில் கிளம்பினார். அதுவும் தனியாகப் போனால் நன்றாக இருக்காதென்று மனைவியையும் கூட்டிக்கொண்டார். சீசன் நேரம் வேறு. அம்மாள், "அப்படியே குத்தாலத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துருவோமே" என்றிருக்கிறார். தப்பென்று சொல்ல முடியுமா?

ஆக, சாரல் தூறிக்கொண்டிருந்த அந்தக் காலை வேளையில், குற்றாலத்து பஸ்ஸிலிருந்து மேலகரத்தில் ஒரு தம்பதி இறங்குகிறார்கள். அவர் சலவை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. அம்மாள் பட்டுப்புடவை, ஈரத்தலை, தலையில் பூ. கையில் ஒரு பை மங்குஸ்தான் பழம். நேரே பலசரக்குக் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்:

"இங்கன செண்பகம்னு ஒரு பொண்ணு, பி.ஏ. படிச்சது... குணம் எப்படி?"

நீங்களே சொல்லுங்கள் — எந்த ஊரில்தான் இதை வேறு மாதிரி நினைப்பார்கள்?

கடை அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கல்யாணப் பேச்சைக் கலைப்பது எங்கள் ஊரில் கொலைக்கு அடுத்தபடியான பாவம். அதுவும் இருபத்துநாலு வயசாகியும் கட்டிக்கொடுக்காத பெண்! படித்துக் கெட்டுப்போன இந்தப் பிள்ளைக்கு எப்படியாவது நல்லது நடக்கட்டும் என்று அவருக்கு மனசு இளகிவிட்டது.

"ஐயா, தங்கமான பிள்ளைல்லா! தலை நிமிந்து பேசாது. இந்த ரோட்டுல அது நடந்து நான் பாத்ததே கிடையாது பாத்துக்கிடுங்க."

ஏட்டையா இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதி வைத்துக்கொள்கிறாரே, ரொம்பப் பெரிய இடம் போலிருக்கிறது என்று அண்ணாச்சிக்கு உற்சாகம் கூடிவிட்டது.

"கூட்டம்னாலே பயம். தேரோட்டம்கூட ஜன்னல் வழியாத்தான் பாக்கும்."

அடுத்தது எதிர்வீட்டு இசக்கியம்மா அக்கா. செண்பகத்திடம் எழுத்துப் படித்தவள். நன்றியுள்ள ஜீவன். அதனால் கொஞ்சம் அதிகமாகவே செய்தாள்.

"அன்னிய ஆம்பளை மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசாதும்மா. பட்டிக்காட்டுப் பக்கம் கால் வைக்காது."

"ரொம்பப் படிச்சிருக்குன்னாங்களே..." என்று ஏட்டையா மனைவி இழுத்தார்.

இசக்கியம்மா அக்கா பதறிவிட்டாள். மருமகள் படித்தவளாயிற்றே என்று பயப்படுகிறார்கள் போல!

"அதெல்லாம் ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. படிச்சதெல்லாம் ரயில் ஏறும்போதே மறந்துட்டு. இப்பம் ஒண்ணும் தெரியாது."

எங்கள் பக்கம் ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால், அவள் செய்யாததையெல்லாம் வரிசையாகச் சொல்ல வேண்டும். பேசமாட்டாள், நிமிர மாட்டாள், இறங்க மாட்டாள். இத்தனை வருஷமாக இதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குத்தான் உறைத்தது — இப்படியெல்லாம் நல்ல பெயர் வாங்கிய பெண்ணை வேறு எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ள முடியாதே!

இதற்குள் இசக்கியம்மா அக்கா கொல்லைப்புறமாக ஓடிப்போய் எங்கள் மதினியிடம் சேதி சொல்லிவிட்டாள். வாழைக்காய் பஜ்ஜி வெந்தது. செண்பகத்தைப் பிடித்துப் பட்டுச் சேலை கட்ட வைத்து, "அப்பா மானத்தை வாங்கிராதட்டி, குனிஞ்ச தலை நிமிராம காப்பியைக் குடுத்துட்டு உள்ள வந்துரு" என்று மதினி கெஞ்சினாள். அடுத்த வீட்டிலிருந்த என்னையும் ஆள்விட்டுக் கூப்பிட்டார்கள்.

தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?"

"எந்த மாப்பிள்ளை?" என்றார் ஏட்டையா.

பிறகு அவர் தாம் யார், எதற்காக வந்தோம் என்பதைச் சொன்னார். மதினி கையிலிருந்த பஜ்ஜித் தட்டு அந்தரத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்துத்தான் செண்பகம் காப்பியோடு வந்தாள் — அம்மா சொன்னபடி, குனிந்த தலை நிமிராமல்! ஏட்டையா பெருமூச்சு விட்டார். "விசாரிச்சது சரியாத்தான் இருக்கு" என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

நோட்டைப் பிரித்து எங்களுக்கு வாசித்தும் காட்டினார். வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அந்நியரிடம் பேசுவதில்லை. கூட்டத்தைக் கண்டால் பயம். படித்தது மறந்துவிட்டது.

செண்பகம் விலுக்கென்று நிமிர்ந்தாள். "சார், இதெல்லாம் யாரு சொன்னது?"

"அட, நீ பேசுதியேம்மா!" என்றார் ஏட்டையா, நிஜமான ஆச்சரியத்தோடு.

அவள் ஒரு வருஷக் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

"நீ சொல்லுதது வாஸ்தவமா இருக்கும். ஆனா மனுக் குடுத்தவங்க சொல்லுததையும் சொந்தக்காரங்க சொல்லுததையும் எழுத முடியாதும்மா. அக்கம்பக்கத்து ஆளுதான் சொல்லணும். ஒழுக்கம் நூத்துக்கு நூறுன்னு எழுதிருதேன். இந்த வேலைக்கு லாயக்கான்னு கேட்டா... நான் என்ன செய்ய?"

நான் விடவில்லை. ஏட்டையாவை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். செண்பகமும் பட்டுச் சேலையோடு கூடவே வந்தாள். மூன்று பேர் போகிறோம், பின்னால் அண்ணன், அவருக்குப் பின்னால் மங்குஸ்தான் பையோடு ஏட்டையா மனைவி.

"அண்ணாச்சி, இவுக பொண்ணு பாக்க வரலை. போலீஸ். உள்ளதைச் சொல்லுங்க" என்றேன்.

செய்திருக்கக் கூடாது. போலீஸ் என்றதும் அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"செண்பகமா? அப்படி ஒரு பிள்ளையையே எனக்குத் தெரியாதேய்யா!"

"இந்தா நிக்கேனே அண்ணாச்சி, நேத்துகூட உங்களோட சண்டை போட்டேனே!" என்றாள் செண்பகம்.

"யாரும்மா நீ?" என்றார் அண்ணாச்சி.

இசக்கியம்மா அக்கா வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஊமையாக இருந்தவள், போலீஸுக்கு ஆளே இல்லாமல் போய்விட்டாள்!

செண்பகம் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. "ஒரு வருஷம் இந்தத் தெருவுக்காகத்தானே அலைஞ்சேன் சித்தப்பா... நான் செஞ்சதைச் சொல்ல ஒருத்தர்கூட இல்லையா?"

எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போயிற்று. அந்தத் தெருவின் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அப்போதுதான் ஒரே ஒரு கதவு திறந்தது. வேலாயுதம் அண்ணாச்சி! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமாக வருகிறார். செண்பகம் பஞ்சாயத்தில் எழுதிக்கொடுத்து, பொதுக்கிணற்றுப் பக்கமிருந்த அவருடைய உரக்குழியை அப்புறப்படுத்த வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

"போலீசா? இந்தப் பிள்ளையைப் பத்தியா? ஏட்டையா, நான் சொல்லுதேன். எழுதிக்கிடுங்க!"

"அண்ணாச்சி, வேண்டாம்..." என்று என் அண்ணன் அவர் கையைப் பிடித்தார். வேலாயுதம் அண்ணாச்சி உதறிவிட்டார்.

"இது பொம்பளைப் பிள்ளையே இல்லை. வீட்டுலயா இருக்கு? சைக்கிள்ல ஊர் ஊராச் சுத்துது. மழையா, வெயிலா, ஒண்ணும் பாக்கிறதில்லை. பஞ்சாயத்து ஆபீசுல அத்தனை ஆம்பளைக்கு நடுவுல நின்னு என்னைக் கேள்வி கேக்குதுய்யா! எந்த உரக்குழி எத்தனை அடி தள்ளி இருக்கணும்னு சட்டம் பேசுது."

"அப்புறம்?" என்றார் ஏட்டையா. பென்சில் பறந்தது.

"பொம்பளையளைக் கூட்டிக் கூட்டம் போடுது. அம்மை குத்த வந்தப்பம் பிள்ளையள ஒளிச்சு வச்சிருந்த வீட்டுலல்லாம் போயி, பேசிப் பேசியே ஊசி போட வச்சிட்டு. எம் பொண்டாட்டிக்கு எழுத்து வேற சொல்லிக் குடுத்திருக்கு. அவ இப்பம் வயலை அடமானம் வைக்கணும்னா, பத்திரத்தை முழுசா வாசிக்காம கையெழுத்துப் போடமாட்டேங்கா! என் குடும்பமே போச்சு!"

"அவ்வளவுதானா? இன்னும் இருக்கா?"

"நாள் பூரா சொல்லுவேன். ஒருத்தருக்கும் பயப்படாது. ஒரு காரியத்தைத் தொட்டா முடிக்காம விடாது."

"அண்ணாச்சி, இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து வேணுமே..."

"ஒண்ணென்ன, நாலு போடுதேன்!"

போட்டார். வரி வரியாக வாசித்துப் பார்த்துவிட்டு, பின்னாலேயே வந்திருந்த வேலாயுதம் அண்ணாச்சியின் மனைவியும் போட்டாள். வாசிக்கும்போது அந்த அம்மாள் முகத்தில் ஒரு சிரிப்பு.

ஏட்டையா நோட்டை மூடி, செண்பகத்தைப் பார்த்து, "இனி ஆண்டவன் விட்ட வழிம்மா" என்றார். சிரிப்பை மறைக்க முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

இந்த வாரம் ஆர்டர் வந்துவிட்டது. ராயகிரிப் பக்கம் போட்டிருக்கிறார்கள். அங்கேயே ஜாகை. சம்பந்தம் வேண்டாமென்று ரைஸ்மில்காரருக்கு அண்ணன் தாமே கடிதம் எழுதிப் போட்டுவிட்டார். நேற்று காலை பஸ் மேல் மகளின் டிரங்குப் பெட்டியை ஏற்றிவிட்டவரும் அவர்தான். பஸ் கிளம்பியதும், "மழையில நனையாதட்டி" என்று கத்தினார். அருவிக் காற்றிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம்!

பஸ் ஸ்டாண்டில் வேலாயுதம் அண்ணாச்சியும் நின்றுகொண்டிருந்தார். கடைக்காரரிடம் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீரா? ஒரே ஒரு ரிப்போர்ட்... ஊரை விட்டே கிளப்பிட்டோம்லா!"

மனுக்களில் நம்மை நன்கறிந்த இரண்டு கனவான்களின் பெயரைக் கேட்கிறது சர்க்கார். தாராளமாகக் கேட்கட்டும்... கூடவே ஒரு விரோதியின் விலாசத்தையும் கேட்டு வைத்தால், உண்மை ஊர் போய்ச் சேரும்!