நாலோடு நின்ற எண்ணிக்கை

தரைக்கு பாலிஷ் போடுகிறவர் அவர். முப்பது வருஷம் ஊரார் வீட்டுத் தரையை எல்லாம் முகம் தெரிகிற மாதிரி பளபளக்க வைத்ததில் அவருக்கு மிச்சம், நெஞ்சு நிறையக் கல்தூசி. நாலு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். மூச்சு முட்டினால் பயம் வரும், பயம் வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் மனைவியின் தலைதான் உருளும்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த யோகா டீச்சர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"உள்ள படிஞ்ச தூசியை இது எடுக்காதுங்க. ஆனா நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவா விட்டீங்கன்னா படபடப்பு அடங்கும். பயம் குறையும்."

அவருக்கு எண்ணிக்கொண்டே மூச்சுவிட வரவில்லை. பதற்றத்தில் எண்ணிக்கை தலைதெறிக்க ஓடும். அதனால் எண்ணுகிற வேலை மனைவிக்கு வந்தது. காலையில் தையல் மிஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டே, "இழுங்க... இப்ப விடுங்க" என்று ஒண்ணிலிருந்து ஆறு வரை ஒரே மூச்சில் நீட்டி எண்ணுவாள்.

மூன்றே மாதத்தில் மனுஷன் ஆளே மாறிப்போனார். தோள் இறங்கியது, நாடி நிதானத்துக்கு வந்தது, படுத்தால் தூக்கம் வந்தது. சட்டைப் பொத்தான் அறுந்ததற்கெல்லாம் வீட்டை இரண்டாக்குவது நின்றது.

"உங்க வாயை மூட வழி இருக்குன்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே!" என்று சிரித்தாள்.

அப்புறம்தான் அவள் எண்ணிக்கை நாலோடு நிற்க ஆரம்பித்தது.

"மீதி ரெண்டு எங்க? இதுலயுமா கஞ்சத்தனம்?"

"தைக்கிறது குவிஞ்சு கிடக்குங்க. மீதியை நீங்களே எண்ணிக்கோங்க."

அந்த இரண்டுக்காகத் தினமும் தகராறு. ஒருநாள், "ஆறு வரைக்கும் எண்ண உனக்கு என்ன கேடு?" என்று கத்தியே விட்டார். அவள் மிஷினை நிறுத்தி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எண்ணினாள். அஞ்சுக்குக் குரல் கம்மியது. ஆறுக்கு உதடு மட்டும் அசைந்தது. வேண்டாவெறுப்பாக எண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் அந்தப் புண்ணியவான்.

மறுவாரம் தைத்துக்கொண்டிருந்தவள் மிஷின் மேலேயே சாய்ந்தாள். இதயம் பலவீனமாகிப் பல மாதம் ஆகிறது என்றார் டாக்டர்.

"சேர்ந்தாப்பல நாலு வார்த்தை பேச மூச்சு இருந்திருக்காதே. வீட்ல யாரும் கவனிக்கலையா?"

பாலிஷ்காரர் தினமும் காலையில் உட்கார்ந்து மூச்சைத்தான் கவனித்தார். எல்லாம் தன் மூச்சு. கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி மூச்சுக்குத் திண்டாடியது அவர் காதில் விழவே இல்லை. இரண்டாம் நாள் அவள் போய்விட்டாள்.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது. வெளியூரிலிருந்து வந்திருந்த மகள் தையல் மிஷின் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் எண்ணுறேன்ப்பா. இழுங்க... இப்ப விடுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..."

அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நாலோட நிறுத்திக்கோம்மா. நாலு போதும். அவகிட்டயே போதும்னு சொல்லியிருக்கணும் நான்."