எடுக்கலாமா என்று கேட்ட டாக்டரம்மா

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தச்சநல்லூரில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிறேன். சிப்பத்தின் மேல் ஊர்ப்பெயர் எழுதுவதைத் தவிர வேறு எழுத்து வேலை என் கைக்குப் பழக்கமில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிறவன், நாலு பேர் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சீமையில் சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் நடந்த வருஷம், ஐப்பசி மாதம். என் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி. புன்னைக்காய் அளவு இருந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா. தமிழ் பைபிளைப் படித்தே தமிழ் கற்றவர்கள். பேசினால் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருக்கும். கட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது புற்று" என்றார்கள்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "புத்தா? அப்போ உள்ள பாம்பு இருக்குமோ?"

அதுதான் அவள் கடைசியாகப் பேசிய விளையாட்டுப் பேச்சு. கட்டியை அறுத்து எடுத்தால்தான் பிழைக்கலாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டரம்மா விவரம் சொன்னதும் அவள் வாய் அடைத்துவிட்டது. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். தினமும் காலையில் டாக்டரம்மா வந்து, "சகோதரியே, எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். சுவரைப் பார்த்தபடியே அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள். "எடுத்தா ஆயுசு போயிரும்" என்பதுதான் என்னிடம் சொன்ன ஒரே பதில். இப்படிப் பத்து நாள் போயிற்று. கஞ்சியும் பாதிக்குப் பாதி மிச்சம்.

பக்கத்துக் கட்டிலில் சாத்தான்குளத்துக்காரி ஒருத்தி இருந்தாள். அவளுக்குக் கன்னத்தில் புற்று. சேலைத் தலைப்பால் பாதி முகத்தை மூடிக்கொண்டே இருப்பாள். வாயை மட்டும் மூடமாட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க இப்படிக் கட்டில் காலு மாதிரி நின்னா மதினி எப்படிப் பேசுவாவ? ஏதாச்சும் சண்டையாவது போடுங்க."

எனக்குச் சண்டை போடவும் வெட்கம்.

பதினோராம் நாள் டாக்டரம்மா கையில் ஊசிமருந்து இல்லை. மூன்று கால் வைத்த ஒரு மரப்பெட்டியை வராந்தாவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். படம் எடுக்கிற பெட்டி. அவர்கள் ஊரிலிருந்து கப்பலில் வந்ததாம். உள்ளே வந்து என் மனைவியிடம், "சகோதரியே, எடுக்கலாமா?" என்றார்கள்.

அவள் சேலையை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். "எதை?"

"உன் படத்தை."

அதற்கும் தலையாட்டல்தான். காரணம் உண்டு. எங்கள் பக்கத்தில் அப்போது உயிரோடு இருக்கிறவர்கள் படம் எடுத்துக்கொள்வதில்லை. என் தகப்பனார் இறந்தபோதுதான் எங்கள் வீட்டுக்குப் படம் எடுக்கிறவர் வந்தார். அப்பாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து எடுத்தோம். உயிரோடு இருக்கும்போது எடுத்தால் ஆயுசு குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

"நான் இன்னும் சாகல்லியே" என்றாள்.

டாக்டரம்மா வற்புறுத்தவில்லை. "அப்படியானால் நீ எடு" என்று கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப்போனார்கள். படத்துக்கு நிற்க வேறு ஆள் அகப்படவில்லை. என்னைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். அங்கே ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை.

என் மனைவி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தாள். அப்புறம் துணி குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓடினேன்.

"அசையாமல் நில்லும்!" என்று டாக்டரம்மா அதட்டினார்கள்.

துணிக்குள்ளிருந்து வந்தது சிரிப்பு. "ஏங்க! நீங்க தலைகீழால்லா தொங்குதிய! வவ்வாலு மாதிரி! வேட்டியைப் பிடிச்சுக்கிடுங்க, அவுந்து தலையில விழுந்திரும்!"

என்னையறியாமல் வேட்டியைப் பிடித்துவிட்டேன். வார்டு முழுக்க ஜன்னலில் நின்று சிரித்தது. பெட்டியின் பின்கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

கண்ணாடித் தகட்டைச் செருகிய பிறகு, மூடியைத் திறந்து மூன்று எண்ணி மூடவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தார்கள். என் மனைவி திறந்தாள். "ஒண்ணு... என்ன முறைக்கிய? ரெண்டு... மீசையில ஈ உக்காந்திருக்கு, ஓட்டாதிய, அசையக்கூடாதுல்லா..." மூன்று வருவதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நாளில் காகிதத்தில் படம் வந்தது. வெளிச்சம் அதிகமாக ஏறி, என் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது.

"மதினி, அண்ணாச்சியைத் துரை ஆக்கிட்டியளே" என்றாள் சாத்தான்குளத்துக்காரி.

அதற்குப் பிறகு என் மனைவி காலையில் எனக்கு முன்னால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவாள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்ப்பாள். கஞ்சியை நின்றுகொண்டே குடித்து முடிப்பாள். தகடு விலை கூடியதென்று டாக்டரம்மா எப்போதாவதுதான் ஒன்று கொடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் துணிக்குள் தலையை விட்டு என்னைத் தலைகீழாகப் பார்ப்பதோடு சரி. அதற்கே நான் தினம் வேப்பமரத்தடியில் நின்றேன்.

ஒருநாள் சாத்தான்குளத்துக்காரி தானாக வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். தலைப்பைப் பைய இறக்கினாள். "நல்ல பக்கமா பாத்து எடுங்க மதினி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு என் மனைவி கேலி பேசவில்லை. சரியாக மூன்றே எண்ணினாள். படம் வந்ததும் சாத்தான்குளத்துக்காரி அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். காட்டுகிற அவசரத்தில் தலைப்பு நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை. என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்று மாலை என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னத்துக்கு இப்படிப் பாக்கே?" என்றேன்.

"எடுத்தா ஆயுசு போயிரும்னாவ. உங்களை எடுத்து ஒன்பது நாளாச்சு. குத்துக்கல்லு மாதிரி நிக்கிய. நேத்து என் பங்கு இட்லியையும் சேத்துத் தின்னிய."

விளக்கு ஏற்றுகிற நேரத்தில் டாக்டரம்மா வந்தார்கள். அன்று அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இவளாகத்தான் சொன்னாள்.

"அம்மா, நாளைக்கு எடுத்துருங்க."

டாக்டரம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்கள். மேகம் திரண்டிருந்தது. "நாளைக்கு வெளிச்சம் போதாது, சகோதரியே."

என் மனைவி மார்பின் மேல் கையை வைத்தாள். "இதுக்குப் பத்தும்மா."

டாக்டரம்மா குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் தூணைத் தேடிக்கொண்டு வெளியே போனேன்.

மறுநாள் மழை பெய்தது. ஒன்பது மணிக்கு உள்ளே கொண்டுபோய்க் கட்டியை எடுத்தார்கள். பன்னிரண்டு மணிக்குக் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். படம் எதுவும் எடுக்கவில்லை.