கிடையில் ஒரு கேஸ் அடுப்பு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கையில்தான் வளர்ந்தார்கள். பாட்டிலில் பால் கொடுத்து நான் வளர்த்த ஆட்டுக்குட்டிகளுக்குக் கணக்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேஸைத் திறந்து வைத்து ஒரு குட்டியை நான் கொன்றுவிட்டேன் என்று எங்கள் ஊரில் பேச்சு நடக்கிறது.

எங்களுக்கு ஆடுதான் பிழைப்பு. வீடு குன்னம் பக்கம். தை பிறந்து மக்காச்சோளம் ஒடித்து முடித்ததும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அரியலூர்ச் சாலையில் இறங்கிவிடுவோம். அறுப்பு முடிந்த கொல்லைகளில் ராத்திரிக்கு ஆடுகளை வலைக்குள் அடைத்துப் போடுவோம். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு உரம். இதைத்தான் கிடை என்கிறோம். ஒரு கொல்லையில் சில நாள், பிறகு அடுத்த கொல்லை. ஆடி மாதம் வரைக்கும் தார்ப்பாய்தான் வீடு. என் சின்ன மகன், அவன் பெண்டாட்டி, நான், மூன்று பேர் போவோம். பகலில் அவர்கள் இரண்டு பேரும் ஆடுகளை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போவார்கள். கூட நடக்க மாட்டாத சின்னக் குட்டிகளும் சமையலும் என் பொறுப்பு.

முன்பெல்லாம் மூன்று கல்லும் முள் விறகும் இருந்தால் போதும். ஒரு வருஷம் வேறொரு கிடைக்காரர்களின் அடுப்புத் தணல் மாசிக் காற்றில் பறந்துபோய்த் தட்டைப்போரில் விழுந்தது. மாட்டுக்கென்று சேர்த்து வைத்த சோளத்தட்டை முழுக்கச் சாம்பலாகிவிட்டது. அதற்குப் பிறகு கொல்லைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பேச்சுதான். கிடை போடலாம், விறகு அடுப்பு மூட்டக்கூடாது. அப்படித்தான் அஞ்சு கிலோ சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் எங்களோடு நடக்க ஆரம்பித்தன. கொல்லை மாறும்போது வலை, தார்ப்பாய், கோழிக்கூடு எல்லாவற்றோடும் அதையும் குட்டியானை வண்டியில் ஏற்றுவோம். நான் அதை இரண்டு காலுக்கும் நடுவில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவேன்.

அது பச்சைப்பிள்ளை மாதிரி. படுக்கப் போடக்கூடாது, நிமிர்ந்தே நிற்க வேண்டும். உழுத மண்ணில் நிற்காது. தட்டையான கல் ஒன்றைத் தேடிப் பதித்து, அதன் மேல் வைப்பேன். காற்று வருகிற பக்கம் சிலிண்டர், குழாய் நீளத்துக்குத் தள்ளி அந்தப் பக்கம் அடுப்பு. அடுப்புக்கு மட்டும் தகரத்தை மறைப்பு வைப்பேன். சிலிண்டரையும் சேர்த்து மறைத்தால் சூடு அதன் மேல் ஏறும். வெயில் திரும்பினால் நிழல் பார்த்து நகர்த்துவேன். கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, ஈரத்துணியால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுக் காத்திருப்பேன். காலியான மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், கேஸ் நிற்கிற அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். தீர்ந்த பிறகு அலைவதற்கு அங்கே என்ன பக்கத்திலா கடை இருக்கிறது?

எல்லாம் சரி. ஆனால் கொரோனாக் காய்ச்சல் வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாடையும் தெரியாது. மூக்கு இருக்கிறது, அவ்வளவுதான். ரசம் கொதிப்பது தெரியாது, ஆட்டு மூத்திரமும் தெரியாது. இரண்டாவதற்காக நான் அழவில்லை. கேஸ் கசிந்தால் தெரியாதே என்பதுதான் பெரிய உறுத்தல். அதனால் காலையில் சோப்பு நுரையைக் குழாய் மூட்டில் தடவிப் பார்ப்பேன். முட்டை முட்டையாக நுரை கிளம்பினால் கசிகிறது என்று அர்த்தம். அதோடு என் மனசு அடங்காது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவேன், எழுந்து போய்க் குமிழைத் தொட்டுப் பார்ப்பேன். குட்டிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறவள் வழியில் அதையும் தொட்டுவிட்டுத்தான் போவேன். வலை பின்னிக்கொண்டிருக்கும்போதும் கண் அங்கேயேதான் இருக்கும். மூடினேனா, மூடவில்லையா? மூடியிருப்பேன். இருந்தாலும் எழுந்து போவேன்.

என் மகனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

"எம்மா, எத்தன வாட்டிதான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போவ? அது என்ன மாசமா இருக்கா, வலி வந்துருச்சான்னு பாக்குறதுக்கு?"

"மாசமா இருந்தா நாள் தெரியும்டா. இது சொல்லாம கொள்ளாமல்ல வரும்."

மருமகள் சிரிக்க மாட்டாள். கெட்டவள் இல்லை, பயந்தவள். போன பங்குனியில் ஒரு நாள் காலையில் அவள் என்னிடம் வந்து, "அத்த, மூக்கு தெரியாதவங்க கேஸுகிட்ட இருக்கறது எனக்கு மனசுக்கு ஆவல. இனிமே நானே காலையில ஆக்கி வச்சிட்டுப் போயிடுறேன். நீங்க குட்டியப் பாத்துக்கிட்டு செவனேன்னு உக்காந்திருங்க" என்றாள்.

"நாப்பது வருஷமா நான் ஆக்கித்தான் உன் புருஷன் இம்மாந்தூரம் வளந்திருக்கான்" என்றேன்.

மகன் குறுக்கே வந்தான். "எம்மா, அடுப்புப் பக்கம் போனீன்னா மறுநாளே பஸ் ஏத்திருவேன். அண்ணன் வூட்ல போயி ஃபேனுக்கு அடியில படுத்துக்க."

பெரியவன் வீட்டில் ஒரு குறையும் கிடையாது. மெத்தை வீடு, ஃபேன், டிவி, வேளாவேளைக்குச் சோறு. அங்கே எனக்கு வேலைதான் கிடையாது. இரண்டு நாள் இருந்தால் நான் யார் என்பதே எனக்கு மறந்துவிடும் போலிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அடுப்பைத் தொடவில்லை, குமிழையும் தொடவில்லை. தொட்டால் அனுப்பிவிடுவானே.

அப்புறம் நான் இருந்த இருப்பைச் சொல்லி மாளாது. வேலமர நிழலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். கை ஊசியில் இருக்கும், கால் தானாக எழும்பும். சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். அந்தப் புழுதியைப் பார்ப்பேன், அடுப்பைப் பார்ப்பேன், திரும்பவும் புழுதியைப் பார்ப்பேன்.

அது நடந்த அன்றைக்கு வெயில் கொடுமையாக இருந்தது. மருமகள் காலையில் சோறாக்கிவிட்டு, ஆடு கிளம்புகிற அவசரத்தில் சிலிண்டரை அடுப்போடும் குழாயோடும் தூக்கிக்கொண்டு போய்க் குட்டிகளை அடைக்கிற கூடாரத்துக்குள் வைத்துவிட்டாள். வளைத்துக் கட்டிய மூங்கில் மேல் தார்ப்பாயைத் தரை வரைக்கும் இழுத்துவிட்டது அந்தக் கூடாரம். நாய் நுழையாது, காக்காய் கொத்தாது. "வெயில் படக்கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க, அத்த. அதான் உள்ள வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கேஸ் வெட்டவெளியில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எழுந்தேன். இதைத் தொட்டால் பஸ் என்று நினைத்துத் திரும்ப உட்கார்ந்தேன்.

குட்டிகளில் ஒன்று தாயில்லாதது. பிறந்த அன்றே தாய் போய்விட்டது. பாட்டிலில் ரப்பர் காம்பு மாட்டி, அந்தக் குட்டிக்கு நான்தான் பால் கொடுத்து வந்தேன். ரப்பர் என்று எதைக் கண்டாலும் அது வந்து சப்பும். என் செருப்பு வாரைச் சப்பும், மகனின் வண்டி ஹேண்டில் உறையையும் விடாது.

உச்சி திரும்பியதும் குட்டிகள் கத்த ஆரம்பிப்பது வழக்கம். தாய்களை நினைத்துக்கொண்டு ஒன்று தொடங்கினால் எல்லாம் சேர்ந்துகொள்ளும், காது கிழியும். அன்றைக்கு நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது, ஒரு சத்தமும் இல்லை. லாரி போகிற இரைச்சல் மட்டும்தான். நான் ஊசியை வலையில் குத்தி வைத்தேன். போகலாமா, வேண்டாமா? பஸ்ஸாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுந்து ஓடினேன். எழுபத்திரண்டு வயசு ஓட்டம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

தார்ப்பாயைத் தூக்கினேன். குட்டிகள் கால் மடங்கிக் கிடந்தன. மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது. உஸ்ஸென்று பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். குழாய் அடுப்பிலிருந்து பிடுங்கிக் கிடந்தது. தாயில்லாக் குட்டி அதன் நுனியில் வாயை வைத்தபடியே கிடந்தது. முதலில் சிலிண்டர் தலையில் இருக்கிற குமிழைத் திருகி மூடினேன். அப்புறம் தார்ப்பாயை மூங்கிலோடு சேர்த்துப் பிடுங்கித் தள்ளினேன். எந்தக் கை செய்ததோ தெரியவில்லை. ஒவ்வொரு குட்டியாகக் காற்றுப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லைக்காரர் மொபெட்டில் வந்து வரப்பில் நிறுத்தினார். வாயில் பீடி புகைந்தது.

"தம்பி, அங்கயே நில்லுங்க! வாயில இருக்கிறத அணைங்க!"

"என்ன ஆயா, என் கொல்லையில நான் பீடி குடிக்கக் கூடாதா?"

"குடிச்சீங்கன்னா கொல்லை இருக்கும், குடிக்க ஆளு இருக்காது. அணைங்கய்யா!"

கோபமாக ஒரு அடி எடுத்து வைத்தவர் சட்டென்று நின்று மூக்கைச் சுருக்கினார். முகம் வெளுத்துவிட்டது. பீடியோடு சாலைப் பக்கம் ஓடிப்போய், அங்கே மிதித்து மண்ணைப் போட்டு மூடிவிட்டு வந்தார்.

"ஐயையோ, இந்த நாத்தத்துல எப்படி ஆயா நிக்கிற?"

"எனக்கு வராது தம்பி. இந்தக் குட்டியத் தூக்குங்க, சொல்றேன்."

இரண்டு பேருமாகத் தூக்கினோம். ஒவ்வொன்றாகத் தலையை உதறி எழுந்தது. ஒன்று தும்மியது. அந்தத் தும்மல் சத்தம் எனக்கு நாதசுரம் மாதிரி இருந்தது. எழுந்திருக்காதது ஒன்றே ஒன்றுதான். என் பாட்டில் குட்டி. வயிற்றைத் தேய்த்தேன், வாயில் ஊதினேன். வரவில்லை.

பொழுது சாய ஆடுகளோடு அவர்கள் திரும்பி வந்தார்கள். மகன் நடந்ததைக் கேட்டான், செத்த குட்டியைப் பார்த்தான், என் பக்கம் திரும்பினான்.

"நாளைக்குக் காலையில மொத பஸ். ஒன்னும் பேசாத."

மருமகள் குழாயை எடுத்து நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பரில் பால்பல் பதிந்த தடம் இருந்தது.

"அடுப்புக் குமிழ மட்டுந்தான் மூடினேன். மேல சிலிண்டர்ல மூடல" என்றாள்.

"அத வுடு. இதுக்கு மூக்கு இருந்திருந்தா..."

"மூக்கு இருக்கிற நாந்தான கொண்டுபோயி உள்ள வச்சேன்? இவங்கள நாம உக்கார வைக்காம இருந்திருந்தா நூறு வாட்டி எந்திரிச்சுப் போயிக் கொமிழத் தொட்டுருப்பாங்க. அத்த எங்கயும் போவல. போனா நானும் போறேன், நீ ஒத்தையில ஆடு மேயி."

அவள் என் பக்கம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சோத்தப் போடு, பசிக்குது" என்றேன்.

அன்று முதல் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. சிலிண்டர் எந்த வெயிலிலும் மழையிலும் கூடாரத்துக்குள் போகாது. வேப்பந்தழை வெட்டி அதற்கு மேலே மட்டும் பந்தல் மாதிரி போடுவோம், நாலு பக்கமும் திறந்திருக்கும். சுற்றிலும் முள் வேலி, குட்டி எட்டாது. குழாய் புதுசு, இரண்டு முனையிலும் கிளிப் போட்டு முடுக்கியது. சமைத்து முடிந்ததும் முதலில் மேலே மூடுவோம், அடுப்பு தானாக அணைந்த பிறகு கீழே மூடுவோம். காலையில் நான் நுரை தடவுவேன், அவள் மோந்து பார்ப்பாள். ஆடி வரைக்கும் அப்படியே போனது. நான் எத்தனை தடவை எழுந்து போனாலும் ஒருத்தரும் உட்காரச் சொல்லவில்லை.

ஆனால் பேச்சு எங்களுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. கொல்லைக்காரர் டீக்கடையில் ஒன்று சொல்லியிருப்பார், அதை ஒருத்தர் ஃபோனில் வேறு மாதிரி சொல்லியிருப்பார். மூக்குத் தெரியாத கிழவி கேஸைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கினாள், குட்டி செத்தது என்று ஆகிவிட்டது. நானா? பகலில் நான் தூங்கினேனாம்!

இப்போது மார்கழி. தை பிறந்ததும் கிடை கிளம்பும். பெரியவன் முடிவு பண்ணிவிட்டான். "இந்த வருசம் நீ போவ வேணாம். தம்பிகிட்டச் சொல்லிட்டேன்" என்கிறான். தம்பி வாயைத் திறக்கவில்லை. மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், எனக்காகப் பேச ஆள் இல்லை. நான் பேச ஆரம்பித்தால் பெரியவன் செருப்பைத் தேடுவான். பாதியில் எழுந்து போய் வண்டியை உதைப்பான். அவன் மகள் புத்தகத்தை எடுத்து வாசித்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரைக்கும் உட்கார்ந்து கேட்பான். அவள் வாசிப்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. அதனால்தான் மூன்றாம் வகுப்போடு நின்ற நான் இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஒரு வரி எழுதுவேன், எழுந்து முற்றத்துக்குப் போவேன், வருவேன். இந்த வீட்டு அடுப்புக் குமிழையும் இதற்குள் பல தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

எழுதி முடித்துவிட்டேன். உள்ளே இரண்டு மகன்களும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணு, இங்க வா. எழுத்துக் கோணலா இருந்தா நேராக்கிப் படிச்சுக்க, ஆனா ஒரு வரிய விட்றாத. மொதல்ல அப்பத்தாவுக்கு ஒரு தடவ மெல்லப் படிச்சுக் காட்டு. அப்புறம் உள்ள போயி உங்கப்பன் காதுல விழற மாதிரி உரக்கப் படி.