கழற்றிக் கழற்றி மாட்டிய கார்

அந்தக் காரை முதன்முதலில் பார்த்தபோது அதன் பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், மூடிப்போன ஒரு ஐஸ் கம்பெனியின் காம்பவுண்டுக்குள் கிடந்தது. அறுபதுகளில் வந்த அம்பாசடர். சுனாமியன்று உப்பனாறு வழியாக ஏறிவந்த தண்ணீர் கதவின் பாதிவரை நின்றதாம். அதற்கு முன்பே அதைத் தொட ஆளில்லை, அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். தரைத்தகடு இற்றுப்போய், உள்ளே எட்டிப் பார்த்தால் மண் தெரிந்தது. என் வீட்டுக்காரர் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோழியைக் கலைக்காமல் முன்கதவைத் திறந்து ஸ்டீயரிங்கை ஒரு விரலால் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு என் தம்பியைப் பார்த்து, "எடுத்துக்கலாம் மச்சான்" என்றார்.

அவர் தானாக ஒரு வார்த்தை பேசியே மாதக்கணக்காகியிருந்தது. அதனால்தான் ஒப்புக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்தத் துருப்பிடித்த சனியனை வீட்டு வாசலுக்கு இழுத்துவர விட்டிருப்பேனா?

இது நடந்தது 2008இல். அதற்கு இரண்டு வருடம் முன்புவரை அவர் கடலூர்–சிதம்பரம் தடத்தில் ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். பத்தொன்பது வருட சர்வீஸ். ஒருநாள் காலை, ஆலப்பாக்கம் தாண்டி, ரோட்டைக் கடந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை மேல் பஸ் மோதிவிட்டது. பிள்ளை இறந்துபோனாள். விபத்து நடந்தால் எந்த டிரைவரும் செய்வதைத்தான் இவரும் செய்தார், நேராகக் காவல் நிலையத்தில் போய் நின்றார். வழக்கு நடந்தது. பிள்ளை குறுக்கே ஓடிவந்ததாகப் பயணிகள் சாட்சி சொன்னார்கள். விடுதலையாகிவிட்டார். முதலாளி நல்ல மனிதர், மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார். இவரும் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனார். படியேறி, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இறங்கி வந்துவிட்டார்.

அதோடு சரி. பஸ் மட்டுமல்ல, வீட்டிலிருந்த மொபெட்டைக்கூடத் தொடவில்லை. நான் அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். மாணவர்களுக்கு ஆய்வேடு தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுக் கொடுப்பது தொழில். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர். அவர் நடந்தே வருவார், மூலையில் உட்கார்ந்து அட்டைக்குப் பசை தடவுவார், நடந்தே போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான், அதில் ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டால் அந்த வீடு எப்படி இருக்கும்?

"உங்க மேல தப்பில்லீங்க" என்று காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் சொல்வேன். வக்கீல் சொன்னார், முதலாளி சொன்னார், என் தம்பி சொன்னான், துக்கம் கேட்க வருவதுபோல வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொள்வார். எனக்கு ஆத்திரமாக வரும். கோர்ட்டே சொல்லிவிட்டது, இந்த மனுஷனுக்கு இன்னும் என்ன வேண்டும்? அவர் மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும், எனக்கு அது ஒன்று போதும். பிடித்துவிட்டால் பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார் என்று நான் தீர்மானமாக நம்பினேன். நான் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அப்புறம் யார் பேச்சையும் கேட்பதில்லை, என் பேச்சையே கேட்பதில்லை.

கார் வாங்கும் யோசனை என் தம்பியுடையது. அவன் முதுநகரில் டிங்கர் பட்டறை வைத்திருந்தான், தகடு நெளிந்து வரும் வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. "அக்கா, மாமா கைக்கு வேல குடுத்தா மனசு தானா செரியாயிடும். ஒரு பழைய வண்டி இருக்குது, ஓட்ட வேணாம், சும்மா கழட்டி மாட்டட்டும். முடிச்சப்புறம் ஓட்டாம இருப்பாரா?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

லாரியில் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுவந்து, வீட்டுப் பக்கவாட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு நிறுத்தினோம். எஞ்சினில் நான்கு பிஸ்டன்களும் உப்பேறி இறுகிப்போயிருந்தன. பிளக்குகளைக் கழற்றி உள்ளே டீசலை ஊற்றி ஊறவைத்தார். தினமும் காலையில் பல் துலக்கியதும் போய், எஞ்சின் இளகிவிட்டதா என்று முன்பக்கத்துக் காற்றாடியைக் கையால் அசைத்துப் பார்ப்பார். அசையாது. மறுபடி டீசல் ஊற்றுவார். மூன்றாவது வாரம் ஒருநாள், "இங்க வாயேன்" என்று ஒரு குரல். இட்லித் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். காற்றாடி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தது. அதைக் காட்டி அவர் சிரித்தார். நான் உள்ளே வந்து அடுப்பை அணைத்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வேலை சூடுபிடித்தது. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இற்றுப்போன தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தான். இவர் எஞ்சினைப் பிரித்து ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, பழைய வேட்டியை விரித்து அதன்மேல் வரிசையாக வைப்பார். ஒரு சாமானைக் கழற்றினால் அது எங்கே இருந்தது, எந்த போல்ட்டு எத்தனை சுற்று என்று நோட்டில் எழுதிவைப்பார். கிடைக்காத சாமானுக்குத் தம்பி புதுச்சேரிக்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கும் அலைந்தான். கொட்டகைக்குள் இருக்கும்வரை அவர் பேசினார், சாப்பிட்டார், தம்பியைக் கிண்டல்கூடச் செய்தார். "உன் வெல்டிங்க பாத்தா அம்மைத் தழும்பு மாரி இருக்குது மச்சான்" என்றார் ஒருமுறை. கொட்டகையை விட்டு வெளியே வந்தால் மறுபடி பசை தடவுகிற ஆள்.

2010 கடைசியில் கார் முடிந்துவிட்டது. பாலாடை நிறத்தில் பெயின்ட், மெருகேறிய முன்கிரில், புது ரெக்ஸின் சீட், ஸ்டீயரிங்குக்கு அடியில் அந்தக் காலத்துக் கை கியர். தம்பி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தான், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. தெருவே வந்து பார்த்தது. "ஒரு ரவுண்டு வாங்க மாமா" என்றான். இவர் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "கார்புரேட்டர்ல ஏதோ இருக்குது, பாத்துட்டு எடுக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது கார்புரேட்டர் செய்தித்தாளில் துண்டு துண்டாகக் கிடந்தது. அதை மாட்டியதும் பிரேக் சரியில்லை என்று நான்கு சக்கரத்தையும் கழற்றினார். அது முடிந்ததும் கிளட்ச். கிளட்ச் முடிந்ததும் மறுபடி பிரேக். தம்பிக்குத்தான் முதலில் புரிந்தது. "அக்கா, வண்டில ஒரு கொறையும் இல்ல. மாமா வேணும்னே கழட்டுறாரு" என்று கடைக்கு வந்து சொன்னான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டரை வருடம் ஒரு மனுஷன் முன்னேறிக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பியிருக்க, அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். பொறுமையாகக் கேட்டிருக்கலாம். பொறுமை எங்கள் குடும்பத்துச் சொத்து இல்லையே. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்து, தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலில் வண்டிப் பூஜைக்கு ஏற்பாடு செய்தேன். புது வண்டிக்குச் செய்கிற எல்லாமும் இதற்கும் உண்டு என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். தெருவில் அத்தனை பேரையும் அழைத்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படி இறங்குவார்? என் கணக்கு அவ்வளவுதான். வேறெதையும் நான் யோசிக்கவில்லை, ஒரு நிமிடம்கூட.

அவரிடம் முதல்நாள்தான் சொன்னேன். "நீ ஏன் இப்பிடிப் பண்ற?" என்று மட்டும் கேட்டார். "எல்லாரும் வராங்க, மானத்த வாங்காதீங்க" என்றேன்.

காலையில் தம்பி காரைக் கோயில் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். சந்தனம், குங்குமம், முன்பக்கம் மாலை. ஐயர் தீபாராதனை காட்டினார். நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். இவர் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஐந்து வருடம் கழித்து அவரை அந்த இடத்தில் பார்க்கிறேன். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, உண்மையைச் சொல்கிறேன். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஓடியது. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

திருஷ்டிப் பூசணிக்காயைத் தம்பி எடுத்தான். மேலே ஓட்டை போட்டு உள்ளே நிறையக் குங்குமத்தைக் கொட்டியிருந்தது. "கம்மியா இருக்குது, இன்னும் போடு" என்று சொல்லி ஒரு பாக்கெட்டை நானே பிரித்துக் கொட்டினேன், தண்ணீர் விட்டுக் கலக்கினேன். கற்பூரம் ஏற்றி, காரை மூன்று சுற்றுச் சுற்றி, நேர் முன்னால் ரோட்டில் போட்டு உடைத்தான்.

கண்ணாடி வழியாக அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. சிவப்பாக நனைந்த ரோடு, அதில் சிதறிக் கிடக்கும் துண்டுகள், அதன்மேல் ஏற்றி ஓட்டச் சொல்லி அவரை உட்காரவைத்திருக்கிறேன்.

"எடுங்க, எடுங்க, நல்ல நேரம் போவுது" என்று யாரோ சொன்னார்கள். "கிளட்ச வுடுங்க மாமா" என்றான் தம்பி. அவர் எஞ்சினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, முன்சக்கரத்துக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார். பூசணித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார். அந்த வழியாக வரும் மொபெட்டுகள் வழுக்கும் என்று எடுக்கிறார் என்று நினைத்து இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் தோளிலிருந்த துண்டை ரோட்டில் விரித்தார். பெரிய துண்டு, சின்னத் துண்டு, நசுங்கிய விதை எல்லாவற்றையும் அதில் வைத்தார். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. ஓரத்துக்குத் தெறித்துப் போனதையும் மண்டியிட்டபடியே நகர்ந்து போய் எடுத்தார். சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். யாரும் கிட்டே போகவில்லை, நானும்தான்.

வீட்டுக்கு வந்து கொட்டகையில் உட்கார்ந்துகொண்டார். மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு போனேன். கையெல்லாம் சிவப்பு, கழுவியிருக்கவில்லை. தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். "உங்க மேல தப்பில்லீங்க."

"நிறுத்துறியா?" என்றார். சத்தம் போடவில்லை. "அஞ்சு வருஷமா எல்லாரும் இதயே சொல்றீங்க. என்னா நடந்துச்சுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. உண்மைதான். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர் வாயை அடைத்து வைத்திருந்தேன்.

"பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரன் அவன் டைமுக்கு முன்னாடியே கெளம்பி என்னய முந்தப் பாத்தான். கண்ணாடியில அவனையே பாத்துக்கினு வந்தேன், ரோட்ட பாக்கல. அந்தப் புள்ள ஓடி வரல. நடந்துதான் வந்துச்சு. சத்தம் கேட்டு எறங்கிப் பாத்தேன். அது சாகல. கண்ணு தொறந்து இருந்துச்சு. என்னயப் பாத்துக் கைய நீட்டுச்சு." சிவந்திருந்த தன் கையைப் பார்த்தார். "கண்டக்டர், 'ஓடுண்ணே, அடிச்சே கொன்னுடுவானுங்க'ன்னு கத்துறான். ஓடிட்டேன். முந்திரித் தோப்புல பூந்து ஓடி ஸ்டேஷன்ல போயி நின்னேன். ஒக்கார வச்சு டீ வாங்கிக் குடுத்தாங்க. குடிச்சேன். நான் டீ குடிக்கறப்ப அது ரோட்டுலயே கெடந்துருக்கு. யாரும் வண்டி எடுக்கல. டிரைவர் இல்லன்னு பஸ் அங்கயே நின்னுருக்கு."

நான் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தேன்.

"பஸ்ஸுலயே தூக்கிப் போட்டு ஓட்டியிருந்தா இருவது நிமிஷத்துல கடலூர் ஆஸ்பத்திரி. பத்தொம்போது வருஷம் ஓட்டுன ரோடு. ஓட்ட வேண்டிய அன்னிக்கு ஓட்டல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப நீ சொல்லு. நான் வண்டி ஓட்டணுமா?"

பழக்கத்தில் என் வாய் அந்தப் பழைய வாக்கியத்துக்குத்தான் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"வேணாங்க" என்றேன்.