ஏழு மணி நேரத் தூரம்

பால்பாண்டிக்குத் தூரம் என்றால் நேரம்தான். வாடிப்பட்டியிலிருந்து காளவாசல் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் யோசிப்பார். ஐம்பது நிமிடம் என்பதை யோசிக்காமல் சொல்வார். அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகன். இருபத்தாறு வருடம் தனியார் பஸ் ஓட்டினார்.

மகள் பாண்டிமீனா ஆஸ்திரேலியாவில் பொறியாளர். பெர்த் நகரில் பயிற்சி முடிந்து, நியூமன் என்ற சுரங்க ஊருக்கு அவளை அனுப்பிய அன்று, வீடியோ காலில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"அங்கேருந்து இங்க வர எம்புட்டு நேரம் ஆகும்த்தா?"

இணையத்தில் நியூமன், மதுரை என்று இரண்டு விமான நிலையங்களையும் தட்டினாள். 5,850 கிலோமீட்டர், ஏழு மணி நேரம். அப்படியே வாசித்தாள். அது நேர்கோட்டை அளந்து வேகத்தால் வகுத்த கணக்கு. அந்தக் கோட்டில் விமானமே கிடையாது. சொல்ல நினைத்தாள். அவர் முகம் தெளிந்துவிட்டதைப் பார்த்து, சொல்லாமல் விட்டுவிட்டாள்.

அதன்பிறகு பஸ்ஸில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னார். "ஒரு போன் போட்டா ஏழு மணி நேரத்துல எம்மக வாசல்ல நிக்கும்."

"நம்ம வண்டி போயிட்டு வந்து நாலு நடை அடிக்கிறதுக்குள்ள ஆஸ்திரேலியா வந்துருதாக்கும்!" என்பான் கண்டக்டர் பேயாண்டி.

"நக்கல் பண்ணாம விசில ஊதுடா."

அவள் நியூமன் போன எட்டாவது மாதம், ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் இறந்தார். அம்மா செல்லக்கிளி போனில் அழுதாள்.

"மூணு நாளா நெஞ்சு வலிக்குதுன்னாருத்தா."

"மூணு நாளா? ஏம்மா எனக்குச் சொல்லல?"

"நான் போன எடுத்தேன். அவருதான் பிடுங்கி வச்சுட்டாரு. 'புள்ள வேலையக் கெடுக்காத. முடியாமப் போனா அப்பக் கூப்பிடு, ஏழு மணி நேரந்தான'ன்னாரு."

மாமா சிவபாண்டி போனை வாங்கினார். "மீனா, முக்குல கட்ட கண்ணீர் அஞ்சலி ப்ளெக்ஸ் அடிக்கக் குடுத்தாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு எடுப்பு. ஒன் ஏழு மணி நேரத்தோட, ஏர்போர்ட்லருந்து வர ஒரு மணி நேரமும் சேத்துத்தான் போட்டுருக்கோம். கெளம்பிட்டியா?"

"மாமா, அப்படி ப்ளைட்டே இல்ல. நாளைக்கு மத்தியானம்தான் வர முடியும்."

"என்னத்தா சொல்ற? மச்சான் ஊரு பூராம் சொன்னாரே!"

"நான் சொன்னதுதான் தப்பு."

தூரத்தில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது: "ஐஸ் பெட்டிக்குச் சொல்லுங்க. புள்ள வந்து பாக்காம எடுக்கக் கூடாது."

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு வந்து இறங்கினாள். முக்கில் தொங்கிய ப்ளெக்ஸில் கிழமையின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, 'ஞாயிறு' என்று பேனாவால் எழுதியிருந்தார்கள். அழுகை வரவில்லை. பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்தது, உள்ளங்கையால் துடைத்தாள். அவருக்கு டிரைவர் சீருடைச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள்.

"நான் சொன்ன நேரம் பொய்ம்மா," என்றாள்.

"அத அவருகிட்டச் சொல்லு."

குனிந்தாள். "அப்பா, நியூமன்லருந்து பெர்த் ரெண்டு மணி நேரம். அங்க அஞ்சு மணி நேரம் காத்திருக்கணும். பெர்த்லருந்து சிங்கப்பூர் அஞ்சே கால்..."

பின்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்த பேயாண்டி நின்றுவிட்டான். மதுரை வரைக்கும் சொல்லி முடித்துத்தான் நிமிர்ந்தாள்.